ஓட்டையை ஓசையில்லாமல் சொல்ல: கிட்ஹப்பின் தனிப்பட்ட புகார் வசதி

இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ்ஸின் தரவுப் பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவி ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டது. பாக்கெட் சொல்லும் நீளத்தை அப்படியே நம்பி, வந்த பைட்டுகளைத் தாண்டியும் நினைவகத்தைப் படிக்கிறது. 2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தில் வெடித்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் இதே ரகம்தான். எல்லோரும் பார்க்கும் பிழைப்பதிவான பொது இஷ்யூவில் போட்டால் திருத்தம் வருவதற்குள் ஊரே படித்துவிடும். அதனால் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் தனிப்பட்ட புகார் வசதிக்குப் போனேன். 2023 ஏப்ரலில் முழுமையாக வெளிவந்தது, இலவசம்.

படிவம் சுலபம். தீவிரத்துக்கான அளவுகோல்களைத் தேர்ந்தெடுத்தால், ஓட்டையின் ஆபத்தைக் காட்டும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண்ணை அதுவே கணக்கிடும். எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஏற்றிப் போடும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஏஐ எழுதிய குப்பைப் புகார்கள் குவிந்ததால் தரவு அனுப்பிப் பெறும் கருவியான கர்லின் திட்டம் 2026 ஜனவரியோடு ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கான பரிசுத்தொகையையே நிறுத்திவிட்டது. பராமரிப்பவர்கள் அவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள். நான் கருவியை விழவைக்கும் பாக்கெட்டையும் நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கக்கியதையும் மட்டும் வைத்தேன், வர்ணனை எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, புகாரை ஒட்டியே திறக்கும் தற்காலிகத் தனி ஃபோர்க், அதாவது வெளியார் பார்க்க முடியாத நிரல் நகல். பேட்ச் (திருத்தம்), விவாதம் எல்லாம் பராமரிப்பவருக்கும் எனக்கும் நடுவிலேயே நடந்தன. ஓட்டைக்கான பொது அடையாளமான சிவிஇ எண்ணையும் அவர் அங்கிருந்தே கேட்டுக்கொள்ளலாம், வேறு யாரிடமும் அலைய வேண்டாம். ஆனால் அந்த ஃபோர்க்கில் சிஐ, அதாவது தானியங்கிச் சோதனை, ஓடாது. லினக்ஸ், பிஎஸ்டி, விண்டோஸ் மூன்றிலும் பில்ட் ஆக வேண்டிய கருவிக்கு இது பெரிய தலைவலி. எல்லாவற்றையும் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருத்தத்தை மூல நிரலோடு மெர்ஜ் செய்ய முடியும். இதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைத்து நாலு தருகிறேன்.

இன்னொன்று: ரெப்போவின் (நிரல் இருக்கும் களஞ்சியத்தின்) உரிமையாளர் செட்டிங்ஸில் இயக்கி வைத்தால்தான் புகார் பொத்தானே தெரியும். ஒற்றை ஆள் நடத்தும் திட்டங்களில் பலரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அப்போது, ஓட்டையை எங்கே சொல்வது என்று எழுதி வைத்திருக்கும் செக்யூரிட்டி.எம்டி கோப்பைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், "பாதுகாப்பு விஷயம் பேச வேண்டும், எங்கே எழுதட்டும்?" என்று மட்டும் பொது இஷ்யூ போடுங்கள், ஓட்டையைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

ஓட்டையை எப்போது பொதுவில் வெளியிடுவேன் என்ற கெடுவைக் குறிக்கப் படிவத்தில் தனியாக இடம் கிடையாது. கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ பழக்கிவிட்ட 90 நாளை விளக்கத்தின் கடைசி வரியில் நானே எழுதிவிட்டேன். நீங்களும் முதல் புகாரிலேயே எழுதிவிடுங்கள், பிறகு சொன்னால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும்.