டிரிகரை விட்ட பிறகும் நிற்காத பிளேடு: என் மைட்டர் சா அனுபவம்

பத்து இன்ச் மைட்டர் சா (கோணம் வைத்து மரத்தைக் குறுக்கே வெட்டுகிற மின்ரம்பம்) விலை இறங்கியிருக்கிறதே, உன்னிடம் இருக்கிற அதே மாடலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜன்னல் பீடிங் (ஓரத்தில் அடிக்கிற மெல்லிய மரச்சட்டம்), கதவு வேலை எடுத்துச் செய்கிறவர். 1800 வாட், 255 மில்லிமீட்டர் பிளேடு என்பதெல்லாம் அவருக்கே அத்துபடி. வெட்டு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். நான் பிளேடு நிற்கிறதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வெட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோணத்தைத் திருப்பி 45 டிகிரி பள்ளத்தில் விழவைத்தால் அங்கேயே உட்காரும், அரை டிகிரிகூட நகராது. 60 பல் பிளேடு போட்டுத் தேக்கு பீடிங்கை வெட்டி இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் இடையில் வெளிச்சம் தெரியாது. பிளைவுட்டில் சிலாம்பு எழும்பாது. வேம்பு, வேங்கை மாதிரி இறுகின மரத்திலும் மோட்டார் திணறியதில்லை. இந்த விலைக்கு இப்படி ஒரு மோட்டார் கிடைப்பது பெரிய விஷயம், மனதாரச் சொல்கிறேன்.

இனி பிரேக். இந்த மிஷினில் தனியாகக் கட்டையோ பட்டையோ வைத்த பிரேக் கிடையாது. டிரிகரை, அதாவது கைப்பிடி சுவிட்சை, விட்டதும் மோட்டார் காயிலின் இணைப்பு மாறும். சுற்றிக்கொண்டிருக்கிற ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) தானே மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரமே அதைப் பிடித்து நிறுத்தும். புதிதில் மூன்று நொடிக்குள் பிளேடு நின்றுவிடும். இந்த வேலை முழுக்கக் கார்பன் (ஆர்மேச்சரை உரசி மின்சாரம் கடத்துகிற சின்னக் கரித்துண்டு) வழியாகத்தான் நடக்க வேண்டும். கார்பன் சரியாகத் தொடவில்லை என்றால் மோட்டார் ஓடும், மரம் வெட்டும், பிரேக் மட்டும் பிடிக்காது.

எனக்கு அதுதான் நடந்தது. கார்பன் தேய்ந்து உள்ளே பொறி பறக்க ஆரம்பித்ததும் மிஷினைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். வேறு மிஷினின் கார்பனை அரத்தில் தேய்த்து அளவாக்கிப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பட்டறைக்குக் கொண்டுவந்து ஓட்டினால் வெட்டு பழையபடி அருமை. ஆனால் டிரிகரை விட்ட பிறகு பிளேடு பத்து நொடிக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், "வெட்டுதுல்ல அண்ணே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அந்தப் பதிலில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் என்ன என்பதைச் சொல்கிறேன். பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று. 255 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் பல்லின் நுனி நொடிக்கு 64 மீட்டர், அதாவது மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. டிரிகரை விட்டதும் மோட்டார் இரைச்சல் அடங்கிவிடும். காதில் அடைப்பான் போட்டிருக்கிறவருக்கு மிஷின் நின்ற மாதிரியே இருக்கும். மோட்டாரும் பிளேடும் இருக்கிற மிஷின் தலையை மேலே விட்டால் கார்டு, அதாவது பிளேடின் பாதுகாப்பு உறை, மூடிக்கொள்ளும். தூசி படிந்த கார்டுக்குள் பிளேடு சுற்றுகிறதா இல்லையா என்று தெரியாது. வெட்டு விழுந்த இடத்தில், பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் (மரத்தை ஒட்டி வைக்கிற பின்தடுப்பு) நடுவே, விரல் நுனி அளவு முக்கோணத் துண்டு ஒன்று கிடக்கும். கை தானாக அதை எடுக்கப் போகும். மரம் வெட்டும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். வெட்டி முடிந்துவிட்டது என்று நினைக்கிற அந்தப் பத்து நொடிதான் எனக்குப் பயம்.

சுற்றுகிற பிளேடை மேலே தூக்கினாலும் ஆபத்துதான். அந்தச் சின்னத் துண்டைப் பின்பக்கப் பல் கவ்விக்கொண்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி இல்லாமல் மிஷின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்று பட்டறையில் நான் கண்டிப்பாக இருப்பது அதனால்தான். சரியான முறை இதுதான்: வெட்டி முடித்ததும் தலையைக் கீழேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரிகரை விட வேண்டும். பிளேடு முழுசாக நின்ற பிறகே தூக்க வேண்டும். பிரேக் நன்றாக இருந்தால் இது மூன்று நொடி வேலை, பையன்களும் செய்வார்கள். ஒரு ஜன்னல் சட்டத்துக்கு நாலு பக்கம், எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு நொடி குனிந்து அழுத்திக்கொண்டு நில் என்றால், நாலாவது சட்டத்தில் எவனும் நிற்க மாட்டான். வேலை நெருக்கடியில் அவனைத் திட்டிப் பயனில்லை. பிரேக் இருந்தால்தான் அந்த ஒழுங்கு நிலைக்கும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால் இதில் கம்பெனியின் தப்பு பாதிதான். கார்பனை ஜோடியாக மாற்று, அதே ரகத்தைப் போடு, பிளேடு நிற்க நேரமானால் முதலில் கார்பனைப் பார் என்று கூட வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு முக்கியமான சாமானை ஊர் ஊராகக் கடையில் கிடைக்கிற மாதிரி செய்ய வேண்டாமா? ஒரிஜினல் கார்பன் சொல்லிவைத்து, காத்திருந்துதான் வாங்கினேன். போட்டதும் உடனே சரியாகவில்லை. புதுக் கார்பன் தேய்ந்து ஆர்மேச்சரின் வளைவுக்கு ஏற்ப உட்காரும் வரை பிரேக் ஒரு சமயம் பிடித்தது, ஒரு சமயம் விட்டது. அப்புறம் பழைய மூன்று நொடி திரும்பி வந்தது.

கார்டிலும் எனக்கு வருத்தம் உண்டு. பிசின் மரம் வெட்டினால் அதன் கீல் ஒட்டிக்கொண்டு பாதியிலேயே நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரஷால் துடைத்தால் சரியாகிவிடும். தொந்தரவு என்று கம்பியால் கட்டித் தூக்கிவிட்டு வேலை செய்கிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் எந்த மைட்டர் சாவுக்கும் பொதுவானது. பிளேடிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் கை வரக் கூடாது. அந்த அளவுக்குப் பிடிக்க இடமில்லாத துண்டைக் கிளாம்ப் போட்டு வெட்டுங்கள்; கிளாம்ப் பிடிக்காவிட்டால் கைரம்பம் இருக்கிறது. வளைந்த ரீப்பர் கட்டை என்றால் புடைத்த பக்கம் ஃபென்ஸில் படட்டும், வெட்டுகிற கோட்டுக்குப் பின்னால் சந்து இருக்கக் கூடாது. மாற்றி வைத்தால் மரம் பிளேடை நெரிக்கும். கையுறை வேண்டாம், மணிக்கட்டில் கயிறு, காப்பு வேண்டாம், தோளில் துண்டும் வேண்டாம். 230 வோல்ட்டில் இது எட்டு ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓட்டாதீர்கள். மரத்தூள் மூக்கில் புற்றுநோய் வரவைக்கும் என்பது உறுதியான விஷயம், மாஸ்க் கட்டாயம்.

நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்க வேண்டாம். என் மிஷினை நான் விற்கப் போவதில்லை, இன்றைக்கும் அதில்தான் வேலை நடக்கிறது. ஆனால் நான் தினமும் காலையில் ஒரு தடவை வெறுமனே ஓட்டி, டிரிகரை விட்டு, நிற்கிற நேரத்தைப் பார்க்கிறேன். ஒரு ஜோடி ஒரிஜினல் கார்பன் டப்பாவில் எப்போதும் இருக்கும். அவர் மிஷினை ஆட்கள் கையில் கொடுத்துவிட்டு சைட்டுக்குச் சைட் போகிறவர். அவர் ஊரில் இந்தக் கார்பனும் கிடைக்காது. கொஞ்சம் விலை கூடினாலும், பக்கத்திலேயே கார்பன் கிடைக்கிற மிஷினாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, டிரிகரை விட்டதிலிருந்து மனதுக்குள் எண்ணிப் பார்க்கட்டும். அஞ்சு தாண்டினால் பேரம் பேசவே வேண்டாம்.