ஃபேர்னஸும் ஏசியும்: வாடகைக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா?

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், ஜனவரி மாதக் காலையொன்றில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டு நிலவறைக்குச் சோதனைக்கு வந்தவர், வீட்டைச் சூடாக்கும் காஸ் கருவியான பதினெட்டு வயது ஃபேர்னஸுக்குள் சிறிய கமராவைச் செலுத்தி, வெப்பமாற்றியில் தலைமயிர் அளவில் ஓடியிருந்த வெடிப்பைத் திரையில் காட்டினார். அதன் வழியே கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் பரவக்கூடும் என்பதால் காஸை அடைத்து, பயன்படுத்தக் கூடாதென்ற சிவப்பு அட்டையொன்றைத் தொங்கவிட்டுப் போனார். வெளியே மறை 14 பாகை. ஏசிக்கும் அதே வயது என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதென்று முடிவெடுத்தோம்.

மாலைக்குள் இரண்டு விலைத்தாள்கள் கைக்கு வந்தன. விலைக்கு வாங்கினால், 96 வீதச் செயல்திறன் கொண்ட ஃபேர்னஸும் இரண்டரை தொன் ஏசியும் பொருத்துகூலியுடன் 9,800 டொலர். 13 வீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி.) சேர 11,074. வாடகைக்கு எடுத்தால் முற்பணம் இல்லை. மாதம் 129 டொலர், பத்தாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 3.5 வீத உயர்வு, திருத்தம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. கருவிகள் ஏறத்தாழ ஒரே தரம் என்பதால் சத்தம், எரிபொருள் செலவு ஆகியவற்றை ஒப்பிட அவசியம் இருக்கவில்லை.

குளிர்ந்து கிடக்கும் வீட்டில் இருப்பவருக்கு 129 என்பது சிறிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் ஆண்டு உயர்வையும் சேர்த்துக் கூட்டினால் பத்தாண்டில் 18,160 டொலர் வருகிறது. வரியுடன் 20,500ஐத் தாண்டுகிறது. வாங்குவதற்கான 11,074 டொலரையும் 7 வீத வட்டிக்குக் கடனாக எடுத்து ஐந்தாண்டில் அடைத்தால்கூட மொத்தம் 13,160 அளவில்தான் நிற்கும். பத்தாண்டின் முடிவிலும் கருவி அவர்களுக்கே சொந்தம் என்று வாடகைத்தாளின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது.

இருந்தாலும் விலைக்கு வாங்குவதென்று என்னை முடிவெடுக்க வைத்தது இந்தக் கணக்கு அல்ல, வீட்டை விற்கும் நாள்தான். 2023இல் அக்கா தன் வீட்டை விற்றபோது, வாங்குபவரின் சட்டத்தரணி காணிப் பதிவைத் தேடியதில், வாடகைக் கருவியில் தனக்கு உரிமை உண்டென்று நிறுவனமொன்று பதிந்து வைத்திருந்த அறிவித்தல் வெளிப்பட்டது. அப்படியொன்று இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. ஆறு வருடம் தவறாமல் வாடகை கட்டிய பின்னும், ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்க 13,000 டொலர் கேட்டார்கள். வீட்டைக் கைமாற்ற ஐந்தே நாட்கள் இருந்ததால் பேரம் பேசக்கூட நேரமின்றிக் கட்டினார். புதிய ஃபேர்னஸும் ஏசியும் அதைவிடக் குறைவான காசுக்கு வந்திருக்கும்.

2024 ஜூனில் ஒன்ராறியோ அரசு நிறைவேற்றிய சட்டம், நுகர்வோர் பொருட்களுக்காகக் காணிப் பதிவில் இத்தகைய அறிவித்தல்களைப் பதிவதைத் தடைசெய்து, ஏற்கெனவே இருந்தவற்றையும் செல்லாதவையாக்கியது. இதோடு தொல்லை தீர்ந்தது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. பதிவுதான் போயிற்றே தவிர, ஒப்பந்தம் போகவில்லை. விற்பனை உடன்படிக்கையில் வாடகைப் பொருட்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வாங்குபவர் அதைப் பொறுப்பேற்க மறுத்தால், விடுவிப்புத் தொகை விற்பவர் தலையில்தான் விழும். சந்தை சூடாக இருந்த காலத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாங்குபவர் தயங்கும் காலத்தில், அவருடைய முகவர் முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. சொந்தக் கருவி என்றால் வீட்டோடு போய்விடும், கேள்வியே எழாது.

வாடகைக்குச் சார்பாகவும் சொல்ல இடமுண்டு. கையில் காசோ கடன் எடுக்கும் வசதியோ இல்லாதவருக்கும், தனியே வாழும் முதிய பெற்றோரின் வீட்டுக்கும், நள்ளிரவில் அழைத்தால் ஆள் வரும் என்ற உறுதி பெரிய விடயம். என் அனுபவமும் இரண்டு குளிர்காலம் மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி மாற்றியதையும் ஆண்டுச் சோதனையையும் தவிர வேறு செலவு இன்னும் வரவில்லை. பத்தாம் ஆண்டில் காற்றூதும் மோட்டார் எரிந்தால் அன்று என்னைக் கேட்டால்தான் முழு உண்மை தெரியும். ஆனாலும் கடனின்றி வாங்கினால் இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள ஒன்பதாயிரத்துச் சொச்சம் டொலரில் அப்படிப் பல மோட்டார்களை மாற்றலாம்.

அழைக்காமலே வீடு தேடிவந்து ஃபேர்னஸ், ஏசி போன்றவற்றை விற்பது 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நீங்களே அழைத்து வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தாலும், 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். வாடகைதான் என்று தீர்மானித்தவர்கள், எந்த ஆண்டில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற அட்டவணையைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் கேட்டபோது, அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வதாகக் கூறிய விற்பனையாளர் பிறகு அழைக்கவே இல்லை. அன்றிரவு இரண்டு மின்சூடாக்கிகளோடு எல்லோரும் ஒரே அறையில் படுத்தோம். மறுநாள் மாலை ஐந்து மணிக்குப் புதிய ஃபேர்னஸ் ஓடத் தொடங்கியது.