பலகை இல்லாத டர்போ பட்டறை: 9,300 ரூபாய், 19 நாள்

கோவையில் கணபதியைத் தாண்டிச் சத்தி சாலையில் கொஞ்ச தூரம் போனால், லேத் பட்டறைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து ஒன்று வரும். அதில் ஆறாவது கதவு. பெயர்ப் பலகை கிடையாது, விசிட்டிங் கார்டும் கிடையாது. டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற கருவி. செத்துப்போன டர்போக்களின் விசிறிகளைக் கம்பியில் கோத்து வாசலில் தோரணம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் லாரிக்காரர்களும் போர்வெல் வண்டிக்காரர்களும் வருகிற இடம். வீட்டில் கட்டிய பந்தயக் காரின் டர்போவைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேலை பிரமாதம், வாக்கு மோசம், வெல்டிங் சுமார். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்கிறேன்.

நான் நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் 26 ஆண்டு வேலை பார்த்தவன். பேரிங், பேலன்சிங் (சுழல்வதை அதிராமல் சமன்செய்வது), தூசி இந்த மூன்றிலும் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற நினைப்பு எனக்கு உண்டு. உண்டு என்பதை இருந்தது என்று திருத்திக்கொள்கிறேன்.

வண்டி 2001-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம். 1,298 சிசி, பதினாறு வால்வு. புதிதாக வந்தபோது 85 குதிரைத்திறன். நான் நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கிய அன்றைக்கு அதில் எத்தனை குதிரை உயிரோடு இருந்தது என்று சொல்ல முடியாது. அதில் டீசல் ஸ்விஃப்ட்டில் வருகிற கேபி35 டர்போவை மாட்டினேன். உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். இஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டினால் மூச்சு வாங்கும். ஆனால் மண் தரையில் வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து மறுபடி மிதிக்கிற ஓட்டத்துக்கு, சீக்கிரம் விழித்துக்கொள்கிற சின்ன டர்போதான் தோது. இஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் மடங்கு, ஏற்கெனவே 9.5 என்பதால் 0.4 பாருக்கு மேல் அழுத்தம் வைக்கவில்லை. எரிபொருளையும் பற்றவைக்கும் நேரத்தையும் கவனிக்க ஸ்பீடுயினோ என்கிற சிறு கணினிப் பலகையை என் மருமகன் பொருத்திக் கொடுத்தார். அந்தப் பெருமை அவருக்கு.

இந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்ற இடம் கொடுக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் மினி லாரியில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டுபோகிறேன். அந்த வாடகை டர்போவை விட அதிகம்.

மைதானத்தில் இன்னொரு வேடிக்கை. பன்னாட்டு விதிப்படி, பெட்ரோல் இஞ்சினில் டர்போ இருந்தால் அதன் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்வார்கள். மண் தரையில் நேரம் பார்த்து ஓட்டுகிற எங்கள் ஆட்டோகிராஸ் போட்டியிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். என் 1,298 சிசி காகிதத்தில் 2,206 சிசி ஆகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் வண்டிகள்.

பிப்ரவரியில் முதல் ஓட்டம். இரண்டாவது சுற்று முடிவதற்குள் பின்னால் நீலப் புகை. கொஞ்சநஞ்சமில்லை, மாநகராட்சி கொசு மருந்து வண்டி வந்துவிட்டது என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, கொடி பிடித்தவர் வரைக்கும் சிரித்தார்கள். டர்போவின் விசில் சத்தம் ஊளையாக மாறியிருந்தது.

முதலில் வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். அவர்கள் நடுப்பகுதியை, அதாவது தண்டும் பேரிங்கும் இரண்டு விசிறிகளும் சேர்ந்த கார்ட்ரிட்ஜை, கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி ஒரே மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். நல்ல மரியாதை, ரசீது, குளிர்ந்த மோர் எல்லாம் உண்டு. மூன்றாவது வாரம் மறுபடியும் கொசு மருந்து.

அப்புறம்தான் லாரி டிரைவர் ஒருவர் சொல்லி இந்தச் சந்துக்கு வந்தேன். நடத்துகிறவருக்கு வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். கல்லாவும் நோட்டுப் புத்தகமும் அவருடைய அம்மாவின் கையில். டர்போவை மேசையில் வைத்ததும் அவர் தண்டை ஆட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். இவர் கட்டைவிரலைக் காற்று உள்ளே போகிற வாய்க்குள் விட்டு, அலுமினிய விசிறியின் இதழ் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். புதிய இதழின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்க வேண்டும். இது கடலை மிட்டாய் உடைந்த விளிம்பு மாதிரி மழுங்கிச் சொரசொரவென்று இருந்தது. மூன்று வாரத்தில்.

வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து உள்குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுத்தார். எண்ணெயில் குழைந்த செம்மண், குங்குமம் போல ஒட்டிக்கொண்டு வந்தது.

“மண் தின்றிருக்கிறது அண்ணா. இதை நான் சரிசெய்து கொடுத்தால் அதையும் தின்னும். ஃபில்டரில் தொடங்கி ஆயில் குழாய் வரை எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வாருங்கள்” என்றார். டர்போவை வாங்கிக்கொள்ளவே இல்லை. கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஞ்சுத் தூசியோடு 26 ஆண்டு குப்பை கொட்டிய எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் சாக்குப்பையில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். ஃபில்டர் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, குழாய்க்குள் அரை பார் காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். நான் கிளாம்ப் போதாதென்று டேப் சுற்றி வைத்திருந்த இணைப்பில் தவளை முட்டை மாதிரி நுரை கொப்பளித்தது. ஓடும்போது அந்த இடத்தில் காற்று உள்ளே இழுக்கப்படும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதி ஃபில்டரைச் சீண்டாமல் நேரே விசிறிக்குப் போயிருக்கிறது. நுரையைத் துடைக்காமல் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

புகைக்குக் காரணம் வேறு, அதுவும் என் கைவேலைதான். டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கிவரும் குழாயை இஞ்சினின் ஆயில் சேம்பரில் தாழ்வான இடமாகப் பார்த்து நுழைத்திருந்தேன். நின்றிருக்கும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே. அது தப்பு. டர்போவுக்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது, நுரைத்துப்போய்த் தன் கனத்தில் இறங்க வேண்டும். இறங்குகிற வழியில் எண்ணெயே தேங்கி நின்றால் அது எங்கே போகும்? உள்ளே ரப்பர் சீல் எதுவும் இல்லை, பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையங்கள்தான். தேங்கிய எண்ணெயைத் தடுக்க அவற்றால் ஆகாது. ஒரு பக்கம் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குள்ளும் மறுபக்கம் சைலன்சருக்குள்ளும் கசிந்து புகையாகிறது. முதல் கார்ட்ரிட்ஜ் கெட்டதற்கும் இரண்டாவது கெட்டதற்கும் கார்ட்ரிட்ஜின் மேல் பழியில்லை.

சேம்பரில் மட்டத்துக்கு மேலே புதுத் துளை போட்டு, 19 மில்லிமீட்டர் உள்வாய் உள்ள குழல் வைத்து, எங்கும் வளைந்து மேலேறாமல் நேர்ச்சரிவாக இறக்கச் சொன்னார். நான் 12 மில்லிமீட்டரில் போட்டிருந்தேன். மோட்டார் பம்புக்கு வைத்த பழைய ஹோஸ் வீட்டில் கிடந்தது, அவ்வளவுதான் காரணம்.

இதற்குப் பிறகுதான் டர்போவைக் கையில் வாங்கினார். நான்கு நாள் என்றார். பத்தொன்பது நாள் ஆனது. போனில் கேட்டால் அம்மாதான் எடுப்பார். “நாளைக்குக் கண்டிப்பாக” என்பார். அந்தக் கண்டிப்பாக என்ற சொல்லை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்த் திரும்பினேன். ஒரு தடவை, போர்வெல் வண்டி நிற்கிறது, ஒரு நாள் நின்றால் அவர்களுக்கு எத்தனை ஆயிரம் தெரியுமா என்று எனக்கே நியாயம் சொல்லி அனுப்பினார்கள். நியாயம்தான். ஆனால் அதை நான்கு நாள் என்று சொல்வதற்கு முன்னால் யோசித்திருக்கலாம்.

பேலன்சிங் பார்க்க விட்டதில் பாதிக் கோபம் போய்விட்டது. எங்கள் ஆலையில் நூல் முறுக்கும் கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும்; அதையே பெரிய வேகம் என்று புதுப் பையன்களுக்குச் சொல்வோம். இந்தக் குட்டித் தண்டு இரண்டு லட்சத்தைத் தாண்டும். கார்ட்ரிட்ஜை இயந்திரத்தில் பூட்டி, சூடான எண்ணெயை அழுத்தத்தோடு விட்டு, சைலன்சர் பக்கத்து விசிறியில் காற்றைப் பீய்ச்சிச் சுற்றவிடுகிறார். அதிர்வு திரையில் பச்சைக் கோடாக ஏறுகிறது. ஓரிடத்தில் கோடு கோபுரம் மாதிரி எழும்பியது. நிறுத்தி, விசிறியின் நட்டில் குறி போட்டு, சின்னச் சாணைக்கல்லால் ஒரே ஒரு தொடு. பொடி விழுந்ததுகூட என் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி சுற்றினார். கோபுரம் திண்ணையாகிவிட்டது. நான்கு தடவை இப்படி. கடைசி ஓட்டத்தில் மேசையில் இருந்த டீ தம்ளரில் வட்டம்கூட எழவில்லை.

போகும்போது இரண்டு எச்சரிக்கை கொடுத்தார். எண்ணெய்க் குழாய் இணைப்பில் சிலிக்கான் பசை தடவக் கூடாது. பிசிறு உள்ளே போய் எண்ணெய்த் துளையை அடைத்தால் அவர் பொறுப்பில்லை. இரண்டாவது சூடு. டீசல் வண்டியில் வெளியேறும் புகை 800 டிகிரியைச் சுற்றி இருக்கும். பெட்ரோலில் மிதித்து ஓட்டினால் 900-ஐத் தாண்டும். இந்த டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது, எண்ணெய் ஒன்றே துணை. ஓடி முடித்ததும் சாவியைத் திருகி அணைத்தால் உள்ளே நிற்கும் எண்ணெய் கரியாகிப் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும்.

குறை சொல்ல வேண்டியது வெல்டிங். இஞ்சினிலிருந்து புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற சைலன்சர் மேனிஃபோல்டில் மயிரிழை விரிசல் இருந்தது. அதைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து ஒட்டவைத்து, முகத்தைச் சமமாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். மூன்றாவது முறை சூடேறி ஆறியதும் அதே இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி மறுபடி விட்டுவிட்டது. டர்போவின் கனம் முழுவதையும் மேனிஃபோல்டு ஒன்றே சுமந்துகொண்டு, குண்டும் குழியுமான மண்ணில் குலுங்கினால் எந்த ஒட்டும் நிற்காது. இஞ்சின் பிளாக்கிலிருந்து டர்போவுக்கு ஒரு தாங்கு கம்பி கொடுத்தேன், அதற்கப்புறம் விடவில்லை. ஃபில்டர் முதல் சேம்பர் வரை அத்தனையையும் தோண்டித் துருவிப் பார்த்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மற்ற வேலைகளை வீட்டிலேயே முடித்தேன். சேம்பருக்கு அடியில் 4 மில்லிமீட்டர் தகடு, ஆக்சில் ரப்பர் உறைகள் புதிது, இண்டர்கூலருக்கு முன்னால் கல் தடுக்கக் கொசுவலைக் கம்பி. கம்பி வலையில் சேறு அப்பிக்கொண்டு காற்றையும் சேர்த்துத் தடுக்கும் என்பது ஓடிய பிறகு தெரிந்தது. இப்போது கோழிக்கூண்டு வலை போட்டிருக்கிறேன்.

செட்டிபாளையம் பக்கம் அடுத்த போட்டி. முந்தைய நாள் லேசாக மழை பெய்ததால் தரை ஈரம், புழுதி குறைவு. டர்போ மூன்றாவது கியரில் ஒரே சீராக விசிலடித்தது. பின்னால் புகை இருக்கிறதா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போய் ஒரு வளைவைக் கோட்டைவிட்டேன். அப்படியும் என் பழைய நேரத்தில் நான்கு வினாடி குறைந்தது. ஒன்பது பேரில் ஆறாவது. முடித்ததும் இரண்டு நிமிடம் ஓடவிட்டபோது, அணைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பையன் ஓடிவந்து சாவியைத் திருகப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டேன். இப்போது நான்கு போட்டி ஓடிவிட்டது. உள்குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வருகிறது.

கணக்கு: கார்ட்ரிட்ஜ் சாமான் 5,200, பேலன்சிங் 1,800, வெல்டிங் 1,200, கூலி 1,100. மொத்தம் 9,300 ரூபாய். குழாய்களைச் சோதித்ததற்குக் காசு வாங்கவில்லை. ரசீது கேட்டால் தரமாட்டார்கள், நோட்டில் எழுதிக் காட்டுவார்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், லாரிக்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் அவர் நின்று பேசுவார். டர்போவை மட்டும் கழற்றி எடுத்துப் போகாதீர்கள், குழாய்களையும் கட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் என்னைப் போல இரண்டு நடை.

நான் 9,500 கொடுத்தேன். சில்லறை இல்லை என்று அம்மா நோட்டில் என் பெயருக்கு நேராக இருநூறு ரூபாய் வரவு எழுதி வைத்தார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கேட்டேன். நோட்டைப் புரட்டிப் பார்த்து, “இருக்கிறது கண்ணு, எங்கே போய்விடும்? அடுத்த டர்போவில் கழித்துக்கொள்ளலாம்” என்றார்.