நாற்பதுக்குமேல் ஓவிய வகுப்பு: முதல் பையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

2024 மே மாதம் 40 வயது நிரம்பிய சிங்கப்பூரர்களுக்குக் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டம்) தொகையைத் தேர்ந்தெடுத்த சில பாடங்களின் கட்டணத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும். தாளும் பென்சிலும் தூரிகையும் கைக்காசுதான். வேலையை விட்டோ வேலைநேரத்தைக் குறைத்தோ கலை, வடிவமைப்பு படிக்கப் போகிறவருக்கு அது சின்னச் செலவல்ல. பிராஸ் பாசா வளாகத்து ஓவியக் கடைகளுக்குள் நுழைந்ததும் பலர் 48 நிறப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் காசுக்கு மலிவான தாளை வாங்கிவிடுகிறார்கள். செலவை அப்படியே திருப்பிப் போட வேண்டும். நல்ல தாளில் மலிவு வண்ணம் ஓரளவு நிற்கும். கெட்ட தாளில் எந்த வண்ணமும் நிற்காது.

நீர்வண்ணத்துக்கு 300 கிராம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை) தாள் வேண்டும். அதற்குக் கீழே போனால் ஈரம் பட்டதும் அலையலையாக வளைந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கும். 300 கிராமிலும் இரண்டு ரகம் உண்டு. கான்சன் எக்ஸ்எல் போன்றவை மரக்கூழ்த் தாள். பயிற்சிக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டாவது முறை தேய்த்தால் மேல்பரப்பு நூல்நூலாக எழும்பும். ஆர்ஷ் முழுப் பருத்தித் தாள். ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் நிறங்கள் மெதுவாக ஒன்றோடொன்று கலக்கும், தவறினால் துடைத்தெடுக்கவும் இடம் கொடுக்கும். கட்டாக வாங்காமல் 56க்கு 76 சென்டிமீட்டர் முழுத்தாளாக வாங்கி நான்காகவோ எட்டாகவோ கிழித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கட்டைவிட மலிவாகவே முடியும். முதல் பருவத்துக்குப் பருத்தித் தாள் 5, மரக்கூழ்க் கட்டு ஒன்று, பென்சில் வேலைக்கு 150 கிராம் ஏ3 கட்டு ஒன்று இருந்தால் போதும்.

தாளை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். நல்ல தாளின் மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் பசை அந்த ஈரத்தில் திட்டுத்திட்டாகச் சிதையும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பூசிய பிறகுதான் அங்கங்கே மை உறிஞ்சியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிளம்பும். அப்போது அது தூரிகையின் குற்றம், கையின் குற்றம் என்று நினைத்து மனம் தளர்கிறவர்கள் உண்டு. பழுதானது தாள்தான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டாமல் படுக்கையாக வையுங்கள்.

பென்சிலில் ஃபேபர்-காஸ்டெல் 9000, ஸ்டெட்லர் லூமோகிராஃப் இரண்டில் எதுவும் சரி. முழுப் பெட்டி தேவையில்லை. 2எச், எச்பி, 2பி, 4பி, 6பி என ஐந்தைத் தனித்தனியாக வாங்குங்கள். ஒரு குறையைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: கிராஃபைட்டை அழுத்த அழுத்த அது கறுக்காமல் பளபளக்கும். பள்ளிச் சேர்க்கைக்கு அனுப்ப அந்த ஓவியத்தைப் படமெடுத்தால், ஆழமான நிழல் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரியும். உண்மையான கறுப்புக்குக் கரிதான் வேண்டும். கரியை முதலில் போடுங்கள், ஏனென்றால் வழுவழுப்பான கிராஃபைட்டின் மேல் அது ஒட்டாது. வில்லோ கரி துடைத்தால் போய்விடும் என்பதால் தொடக்க வரைவுக்கு ஏற்றது. அழுத்திச் செய்த கரியில் பசை கலந்திருப்பதால் இறுதிக் கறுப்புக்கு மட்டும் எடுங்கள்.

கரி உதிராமல் இருக்க அடிக்கும் ஃபிக்சட்டிவ் தெளிப்பானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. மழை பெய்யும் மாலையில் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி வெள்ளைப் படலம் விழக்கூடும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கெடுதல். வீவக அடுக்குமாடி வீட்டில் சாமி விளக்கு எரியும்போதோ சமையலறையில் அடுப்பு எரியும்போதோ தொடவே கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் தெளிப்பறை இருந்தால் அங்கேயே முடித்துவிடுவது இன்னும் நல்லது.

வண்ணத்தில் ஏழு குழாய் போதும்: எலுமிச்சை மஞ்சள், சூடான மஞ்சள், ஆரஞ்சு சாயலுள்ள சிவப்பு, ரோஜா, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. வின்சர் அண்ட் நியூட்டனின் காட்மன் வரிசை மாணவர்களுக்கானது. அதில் ‘ஹ்யூ’ என்று போட்டிருந்தால் விலையுயர்ந்த நிறமிக்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது என்று பொருள். அது மோசடியல்ல, ஆனால் கலக்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். குழாயில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியைப் படியுங்கள். அல்ட்ராமரினுக்கு பிபி 29 என்று ஒரே குறி இருக்கும். ஒரு குழாயிலேயே மூன்று குறிகள் இருந்தால், இன்னொன்றோடு கலக்கும்போது சீக்கிரம் சேறாகும். ‘தோல் நிறம்’ என்று விற்கும் வெளிர் ரோஸ் குழாயை விட்டுவிடுங்கள். நம் முகங்களுக்கு அது உதவாது. பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். மாநிறத்திலிருந்து அடர்கறுப்பு வரை எல்லாமே அந்த இரண்டில் இருக்கிறது.

தேன் கலந்த எம். கிரஹாம் வண்ணங்கள் செழுமையானவை. நம் ஈரப்பதத்தில் அவை தட்டில் காயாமல் பிசுபிசுத்து, பையைச் சாய்த்தால் வழியும். வீட்டிலேயே வரைகிறவருக்குச் சரி, எம்ஆர்டி ரயிலில் தூக்கிப் போகிறவருக்கு வேண்டாம். எந்த வண்ணமானாலும் தட்டைக் காயவைத்த பிறகே மூடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

வடிவமைப்பு வகுப்பில் நிறச்சக்கரப் பயிற்சிக்குக் கோவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) கேட்பார்கள். கெட்டிப் பால் பதத்தில் கரைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் தூரிகைக் கோடு விழும், குறைந்தால் காய்ந்ததும் வெடிக்கும். வெளிர் நிறம் காய்ந்தபின் சற்றுக் கறுக்கும், அடர் நிறம் சற்று வெளுக்கும். அதனால் ஒரு துண்டுத் தாளில் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகே நிறம் சரியா என்று முடிவெடுங்கள்.

கட்டரில் ஓல்ஃபா 9 மில்லிமீட்டர், நுண்வேலைக்கு 30 பாகைக் கோணப் பிளேடு. இரும்பு அளவுகோல் கட்டாயம் வேண்டும், பிளாஸ்டிக் அளவுகோலின் விளிம்பைப் பிளேடு செதுக்கிவிடும். 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள்: முதல் இழுப்பில் மேல்தாள், இரண்டாவதில் நுரை, மூன்றாவதில் அடித்தாள். விளிம்பில் நுரை பிய்ந்து வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது, உடனே பிளேடு முனையில் ஒரு துண்டை உடைத்தெறியுங்கள். கட்டிங் மேட் ஏ3 வாங்கலாம். சன்னலோர வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், பிறகு நிமிராது.

இருபது வயது மாணவரின் பட்டியலில் இல்லாத இரண்டு பொருள்கள் உங்களுக்கு வேண்டும். தூரிகைக்கும் முந்தி இவற்றை வாங்குங்கள் என்பேன். முதலாவது கண்ணாடி. புரோகிரசிவ் கண்ணாடியில் வாசிக்கும் பகுதி கீழே, சுமார் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு இருக்கும். ஓவியத் தாங்கியில் இருக்கும் தாளோ 60, 70 சென்டிமீட்டர் தள்ளி, கண்மட்டத்தில் நிற்கும். தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே மூன்று மணி நேர வகுப்பில் கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்தத் தூரத்தை அளந்துகொண்டு போய், அதற்கென்று ஒற்றைப் பவர் கண்ணாடி கேளுங்கள். மஞ்சள் சாயலுள்ள நீல ஒளித் தடுப்புப் பூச்சு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது விளக்கு. 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளில் போட்ட எலுமிச்சை மஞ்சள் கண்ணுக்கே தெரியாது, நீலமும் மங்கும். இரவு வீட்டில் சரியாகத் தெரிந்த படம் மறுநாள் வகுப்பில் வேறாகத் தெரிவது இதனால்தான். 5000 கெல்வின், நிறக் காட்டுத்திறன் (சிஆர்ஐ) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் மேசை விளக்கை வாங்கி, வலக்கைக்காரர் இடப்புறமும் இடக்கைக்காரர் வலப்புறமும் வையுங்கள். கையின் நிழல் கோட்டின் மேல் விழாது.

கணினி மென்பொருளை இப்போது வாங்காதீர்கள். அடோபி மாணவர்களுக்குச் சலுகை விலை தருகிறது, பள்ளி மின்னஞ்சல் வரட்டும். ஐபேடில் புரோகிரியேட் வரையச் சுகமானது, ஆனால் அது புள்ளிப் படம் தருவது. சின்னம் வடிவமைக்கும் பாடத்துக்குப் பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்புதான் தேவைப்படும்.

கடைசியில் பிராஸ் பாசா வளாகத்தைப் பற்றி. புத்தக நகரம் என்று பேர் வாங்கிய இடம். நன்யாங் நுண்கலைக் கழகத்துக்கும் தேசிய நூலகத்துக்கும் நடந்தே போகலாம். நான்காம் மாடியில் பஷீர் கிராஃபிக் புக்ஸ் வடிவமைப்பு நூல்களுக்கென்றே இருக்கும் கடை. அங்கே புரட்டிப் பார்த்துவிட்டு, நூலகத்தில் கிடைப்பதை இரவல் எடுத்து, திரும்பத் திரும்பத் தேடுவதை மட்டும் விலைக்கு வாங்குங்கள். படம் தூக்கும் கோப்புறையை ஏ1 அளவில் வாங்க வேண்டாம். 84 சென்டிமீட்டர் நீளத்தைக் காலை நேர ரயிலில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஏ2 போதும். ஜிப் உள்ளதாகவும் தோள்வார் உள்ளதாகவும் பாருங்கள், ஒரு கை குடைக்கு வேண்டும்.