22 இன்ச் பார் மெஷினோட மூணு வருசம்: மச்சான் கேட்டதுக்காக எழுதுறேன்

சாயல்குடி பக்கம் நாலு ஏக்கர் சீமைக்கருவைய மச்சான் வெட்டுக்கு எடுத்திருக்காப்ல. "மாப்ள, ஒங்க மரம் அறுக்குற மெஷின் எப்படி இருக்கு, எத்தன சிசி வாங்கலாம்"னு போன் பண்ணாரு, நான் பேச ஆரம்பிச்சு முக்கா மணி நேரமாச்சு, வீட்ல சோத்த வச்சுட்டு மொறைக்கிறாங்க, அதான் எழுதியே போட்டுர்றேன்.

சிசி கேக்காதீங்க மச்சான். நானும் அதத்தான் கேட்டேன், கெட்டேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒம்பதாயிரம் சொச்சத்துக்கு வாங்குனது. 58 சிசி, 22 இன்ச் பார், பாருங்கிறது செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு. கம்பெனி பேரு சொல்ல மாட்டேன், சொன்னாலும் ஒங்களுக்குத் தெரியாது, ஒரே மெஷின் பத்துப் பேர்ல பத்து கலர்ல வருது. 58ங்கிறது டப்பா மேலதான்னு மெக்கானிக் சிரிக்கிறாரு. இருக்கட்டும், அதுல எனக்கு வருத்தமில்ல. இஞ்சின் ஒரு நாளும் கால வாரல. ரெண்டு தடவ சோக்க இழுத்து, ஒரு தடவ சோக்க விட்டு இழுத்தா பிடிச்சுக்கும். பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி டூடி ஆயில் கலந்து ஊத்துறேன், அது 25க்கு 1 கணக்கு, நல்ல கம்பெனி மெஷினுக்கெல்லாம் 50க்கு 1 போதும், 20 மில்லிதான். ஒரே ஒரு தப்பு பண்ணேன், மழைக்காலம் பூரா டேங்க்ல பெட்ரோல வச்சே மூலையில போட்டுட்டேன், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலு ஈரத்த உறிஞ்சிரும், கார்பரேட்டர்ல இருக்க ரப்பர் தகடு வெறச்சுப் போச்சு. அது என் தப்பு.

என் கோவமெல்லாம் அந்த 22 இன்ச் பார் மேல.

கருவை எப்படி வளரும்னு ஒங்களுக்குத் தெரியாததில்ல. வேப்பமரம் மாதிரி ஒத்தக்கால்ல நிக்காது, ஒரே தூர்ல அஞ்சாறு கெளம்பி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, ஒவ்வொண்ணும் அதிகம் போனா தொடை கனம்தான் இருக்கும். இந்தக் கனத்த அறுக்க 22 இன்ச் எதுக்கு? முன்னாடி நிக்கிற கொப்ப அறுக்கிறேன், அது ஆறு இன்ச், மிச்சம் பதினாறு இன்ச் பார் அந்தப் பக்கம் என் கண்ணுக்குத் தெரியாம நீட்டிக்கிட்டு நிக்குது, அந்தப் பாரோட நுனி, அதான் மூக்கு, பின்னாடி நிக்கிற கொப்புல தட்டுனா போதும், மெஷின் வெடுக்குன்னு மூஞ்சிய நோக்கி எகிறும். மூக்கோட மேல்பாதிதான் மோசம், அங்க எது பட்டாலும் செயின் முன்னால ஓட எடமில்லாம மொத்த மெஷினையும் ஒதச்சுப் பின்னால தள்ளும். மொத வருசத்துலயே ரெண்டு தடவ பிரேக் டக்குன்னு விழுந்துதான் நான் தப்புனேன். கைப்பிடிக்கு முன்னாடி இருக்க அந்த பிளாஸ்டிக் தட்டு, அதான் பிரேக்கு, அது வேலை செய்யலன்னா மெஷின கையில தொடாதீங்க.

அது கூட பரவாயில்ல, வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு. தினம் உசுர வாங்குனது மணல். கரிமூட்டத்துக்குப் போடுறவங்களுக்கு தூர்க்கட்டைதான் எடை, தரையோட தரையா அறுத்தாத்தான் காசு. நம்ம கடற்கர மண்ணு பூரா மணலு. குனிஞ்சு அறுக்கும்போது அந்த நீட்டிக்கிட்டிருக்க மூக்கு சர்ருனு மணல்ல எறங்கும், ஒரு செகண்டுதான், அவ்வளவுதான் செயின் பல்லு மழுங்கிப் போச்சு. பாத்தாலே தெரியும், அதுவரைக்கும் அவல் மாதிரி செதில் செதிலா விழுந்த மரத்தூளு திடீர்னு முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரி விழும், பொக வரும், மெஷின் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும், நாம அமுக்குவோம், அமுக்க அமுக்க பார் சூடாகி நீலம் பாஞ்சிரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல மூக்கு மண்ணுல படவே வேணாம், பட்டையிலயே மணல் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

உடனே வரப்புல உக்காந்து அரம் போடணும். 22 இன்ச் செயின்ல பார் காடிக்குள்ள ஓடுற லிங்க் 86, அறுக்குற பல்லு 43. 4.8 எம்எம் உருண்ட அரம், முப்பது டிகிரி சாய்ச்சு, ஒரு பல்லுக்கு மூணு தேய், ஒரு பக்கத்துப் பல்ல பூரா முடிச்சுட்டு மறுபக்கம் திரும்பி உக்காரணும். ஒரு நாளைக்கு மூணு தடவ. வேர்வை கண்ணுல எறங்கும், கருவமுள்ளு செருப்புல ஏறி நிக்கும், பக்கத்துல கோடாலி வச்சு வெட்டுற பெரியவரு "என்னப்பா மெஷினு இன்னும் சாப்பிடுதா"ன்னு கேட்டுட்டுப் போவாரு. மூணு வருசம் இந்தப் பேச்சக் கேட்டேன் மச்சான்.

போன வாரம் கார்பரேட்டர் வேலைக்கு ராமநாதபுரத்துல ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பையன் பத்து நிமிசத்துல ரப்பர் தகட மாத்திட்டு பார திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணே என்னத்த அறுக்குறீங்க"ன்னான். கருவைன்னேன். "பின்ன எதுக்குண்ணே இவ்வளவு நீளம், இதே மெஷினுக்கு 18 இன்ச் போடலாமே"ன்னான். போடலாமா! மூணு வருசமா ஒருத்தனும் சொல்லல. பிட்ச், அதான் செயின் கண்ணி இடைவெளிக் கணக்கு, அதே .325 இன்ச், பார் காடி அகலமும் அதே, லிங்க் மட்டும் 72. பாரும் செயினும் சேத்து ஆயிரத்துச் சொச்சம். மூலை கூரா இருக்க முழு சிசல் பல்லு வேணாம், நுனி கொஞ்சம் உருண்ட அரை சிசல் போடுறேன், மணலுக்கு அதுதான் தாங்கும்னு அவனே எடுத்து மாட்டுனான்.

மறுநாள் உச்சிப்புளி பக்கம் ஒரு தோட்டத்துல வேலை. சத்தியமாச் சொல்றேன் அதே இஞ்சின்தானான்னு சந்தேகம் வந்துருச்சு. மூக்கு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது, செயின் நீளம் கொறஞ்சதால இஞ்சின் திணறல, செயினுக்குப் போற எண்ணெ நுனி வரைக்கும் ஒழுங்கா போகுது, காலையில போட்ட அரம் மத்தியானம் வரைக்கும் தாங்குச்சு. தேய்க்கவும் 36 பல்லுதான். சந்தோசமா இருந்துச்சு, அதே நேரத்துல மூணு வருசத்த நெனச்சு வயிறும் எரிஞ்சுச்சு.

ஆகவே மச்சான், கருவைக்கு 16 இல்ல 18 இன்ச். அதுக்கு மேல எவன் சொன்னாலும் கேக்காதீங்க. கை கனத்துக்குக் கீழ இருக்க கொப்ப அருவாள்லயே கழிச்சு விட்டுட்டு அப்புறமா மெஷின எடுங்க, மெல்லிசு கொப்பு செயின்ல மாட்டி சாட்டை மாதிரி அடிக்கும். தென்னை விழுந்து கெடந்தா அதுக்கும் 18 போதும், ஆனா நாரு முடி மாதிரி வந்து சைடு மூடிக்குள்ள அடைச்சுக்கும், நாலு துண்டுக்கு ஒருக்கா கழட்டிச் சுத்தம் பண்ணணும். பனையில கைய வைக்காதீங்க, கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாது, அது வேற, பட்டுப்போன பனைன்னாலும் வெளி வைரம் செயின தின்னுரும். வீட்டோரம் முருங்கை, கொய்யா கழிக்க மட்டும்னா ஆறு இன்ச் பேட்டரி மெஷின் இருக்கு, அத்தாச்சியே பிடிப்பாங்க. கரண்டு கிட்டக்க இருந்தா கரண்டு மெஷின் 16 இன்ச் அருமை, பாம்பன்ல வள்ளம் கட்டுற எடத்துல ஒரு ஆசாரி பலகை நறுக்குனதப் பாத்தேன், பொகையும் இல்ல கயிறு இழுக்குற வேலையும் இல்ல. காட்டுக்குள்ள கரண்டுக்கு எங்க போறது. காசு இருந்தா ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 180 மாதிரி சின்னது பாருங்க, அது 31.8 சிசிதான், என்னோடதுல பாதியை விட கொஞ்சம் கூட, ஆனா நாள் பூரா தூக்கி நிக்கிறது நாமதானே, இடுப்பு சொல்லும்.

என் மெஷின பத்தி ஒரே வார்த்தையில கேட்டீங்கன்னா, நல்ல மெஷின், வாங்காதீங்க. டப்பாவப் பிரிச்சதும் கைக்கு வர்றது அந்த நீளப் பார்தான், ஆசைப்பட்டு நீங்களும் அதையே மாட்டுவீங்க, எனக்கு ஒங்களத் தெரியும்.

86 லிங்க் செயின் ரெண்டு கெடக்கு, ஒண்ணு கவர் பிரிக்காதது, ஒண்ணு பாதி தேஞ்சது. 22 இன்ச் மெஷின் வச்சிருக்க யாராவது வந்து எடுத்துக்கலாம், காசு வேணாம். பாரத் தரமாட்டேன். போன ஐப்பசியில காத்துல ரோட்டுக்குக் குறுக்க விழுந்த வேம்ப, ரெண்டு பேரு கட்டிப் பிடிக்கிற மரம், இந்தப் பாரு ஒத்தையா அறுத்துக் குடுத்துச்சு, ஸ்கூல் வேன் அந்தப் பக்கமா நின்னுக்கிட்டிருந்துச்சு. எண்ணெ தடவி சாக்குல சுத்தி பரண்ல வச்சிருக்கேன்.