எதிர்ப்புக் கவிதையை வாய்விட்டு வாசிக்கக் கற்றுத்தரும் இணைய வகுப்பு: என் மதிப்பீடு

பிழை திருத்துவது என் தொழில். நாள் முழுக்க வாய் திறக்காமல் படிப்பவள். கவிதையை உரக்க வாசிக்கப் பழக வேண்டும் என்றே இந்த இணைய வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு மாலை, திரையில் ஒரு சிறு குழு, பாடம் எல்லாம் எதிர்ப்புக் கவிதைகள்.

தொடக்கம் பாரதியின் ‘அச்சமில்லை’. எல்லோருக்கும் மனப்பாடம், அதனாலேயே ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறோம். பயிற்சியாளர் ‘வானிடிந்து வீழுகின்ற போதினும்’ என்ற இடத்தில் நின்று மூச்சு வாங்கச் சொன்னார். வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. வானமே இடிந்து விழுந்தாலும்... அப்புறம்? கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்து ‘அச்சமில்லை’ என்று வாசித்தபோது திரையில் மற்றவர்களின் உதடுகளும் அசைந்தன. கண்ணால் படிக்கும்போது இந்தக் காத்திருப்பு கிடைக்காது. கண் அடுத்த வரியை முன்பே பார்த்துவிடும். இந்த ஒரு பாடத்துக்காகவே வகுப்பில் சேரலாம்.

இன்குலாபின் ‘மனுசங்கடா’ பலருக்கும் கே.ஏ. குணசேகரனின் குரலில் பாட்டாகத்தான் பழக்கம். இங்கே மெட்டில்லாமல் பேச்சாக வாசிக்கச் சொன்னார்கள். ஒருவர் கத்தி வாசித்தார். இன்னொருவர் குரலை உயர்த்தாமல், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் நியாயம் கேட்பது போல வாசித்தார். என்னை உலுக்கியது இரண்டாமவர்தான்.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவின் ‘ரெக்வியம்’ (இரங்கற்பா) என்ற கவிதைத் தொடர் தமிழில் வாசிக்கப்பட்டது. ஸ்டாலின் காலத்தில் அந்த வரிகளை எழுதி வைப்பதே ஆபத்து. அக்மதோவா தாளில் எழுதிக் காட்டுவார், தோழி லிதியா சுகோவ்ஸ்கயா மனப்பாடம் செய்ததும் தாளை எரித்துவிடுவார். நூலாக வெளிவந்தது 1963இல், அதுவும் மேற்கு ஜெர்மனியின் மியூனிக்கில். இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில் வாசிக்கச் சொன்னார் பயிற்சியாளர். அந்த அளவில் வாசித்தால் ஒரு சொல்லைக்கூட விழுங்க முடியாது. கேட்பவர் அதை மனதில் சுமந்துகொண்டு போயாக வேண்டுமே.

குறைகளும் உண்டு. முதலாவது, கணினியின் இரைச்சல் நீக்கும் வசதி. குரல் எழும்பும் இடத்தில் சொற்களைக் கத்தரித்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டு வரும்படி முதல் நாளே சொல்லியிருக்கலாம். இரண்டாவது, முன்னுரைகள். சில நாள் பாதி வகுப்பு அதிலேயே போனது, எல்லோருக்கும் வாசிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பெரிய குறை வேறு. இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் சற்றுத் தாமதமாக வந்து சேருவதால், திரும்ப வரும் வரியை எல்லோரும் ஒன்றாகச் சொல்ல முடிவதில்லை. சொன்னால் வெறும் குழப்பம்தான். கடைசியில் அவரவர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தனித்தனியே சொன்னோம். கூட்டத்துக்காக எழுதப்பட்ட வரியைத் தனி அறையில் சொல்வது மனதுக்கு மிகவும் வலித்தது.

மூச்சு எங்கே, அழுத்தம் எங்கே என்று கற்க இது நல்ல வகுப்பு. மேடையில் வாசிக்கப் போகிறவர்கள் தயங்காமல் சேருங்கள். சேரும்போதே நேரில் கூடி வாசிக்க நாலைந்து நண்பர்களையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியை இந்த வகுப்பால் தர முடியாது.