நோரியேகா கட்டும் மைதாப் பசையும்: திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடை

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலிருந்து பிரியும் சந்தொன்றில், பெயர்ப்பலகை இல்லாத பைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. கல்லூரி ஆய்வேடுகளும் வக்கீல் வீட்டுச் சட்டப் புத்தகங்களும்தான் அங்கே அதிகம் வரும். நான் கொண்டுபோனது பத்திரிகைத் துண்டுகள். பனாமாவை ஆட்டிவைத்த தளபதி மானுவேல் நோரியேகா மீது 1988 பிப்ரவரியில் அமெரிக்காவின் மயாமியிலும் டாம்பாவிலும் போதைப்பொருள் குற்றச்சாட்டு பதிவான நாளிலிருந்து, 2017 மே மாதம் அவர் இறந்தது வரை நான் வெட்டி வைத்தவை. போதைப்பொருள் வழக்கு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். என் மனைவிக்குப் பீரோவின் கீழ்த்தட்டு காலியானால் போதும்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். விலை சொல்வதற்கு முன்பாகவே கட்டை அவிழ்த்து, தொட்டால் உதிரும் தாள்களைத் தனியாக எடுத்து வைத்தார். அவற்றுக்கு மெல்லிய தாளைப் பின்னால் ஒட்டித்தான் தைக்க முடியும் என்றார். பசை கடையிலேயே காய்ச்சியது. மைதாவில் மயில்துத்தம் கலந்தது. பூச்சி அண்டாது. இதற்காகவே இந்தக் கடையைச் சொல்லலாம். வேறோர் இடத்தில் குழாய்ப் பசை தடவிக் கொடுத்த என் பழைய டைரி இரண்டே ஆண்டில் பிளந்துவிட்டது.

பசையைக் கிளறிக்கொண்டே ஒரு துண்டைப் படித்தவர் சிரித்துவிட்டார். 1989 டிசம்பர் 20 அன்று அமெரிக்கப் படை பனாமாவுக்குள் இறங்கியது. நோரியேகாவின் இடத்தில் சுமார் 50 கிலோ கொக்கெய்ன் சிக்கியதாக ராணுவம் அறிவித்தது. அடுத்த மாதமே அது தமாலே மாவு என்று தெரிந்தது. சோளமாவை இலையில் மடித்து அவிக்கும் பண்டம் அது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. எங்கள் நீதிமன்றத்தில், பொருளைக் கைப்பற்றியதும் எழுதும் மகஜரில் ‘எனச் சந்தேகிக்கப்படும் பொருள்’ என்றுதான் எழுதுவார்கள். மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை வரும்வரை வெள்ளைப் பொடி வெறும் வெள்ளைப் பொடிதான். கடைக்காரர் தன் பசைச் சட்டியைக் காட்டி, “அப்படியானால் நானும் 5 கிலோவோடு மாட்டுவேன் சார்” என்றார்.

குறைகளும் உண்டு. ஓரம் வெட்டும்போது நான் பென்சிலில் குறித்திருந்த தேதிகள் சிலவும் சேர்ந்து போய்விட்டன. முதுகில் பொன்னெழுத்தில் ‘நோரியோகா’ என்று அச்சாகியிருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் இரண்டு நாளில் இலவசமாக மாற்றிக் கொடுத்தார். தாள்களின் வரிசை குழம்பியதற்கு நானே பொறுப்பு. வேலையில் இருந்தவரை பக்க எண் போடாத கட்டை நான் நீதிபதியின் மேசைக்கு அனுப்பியதே இல்லை. என் சொந்தக் கட்டில் ஒரு பக்கத்துக்கும் எண் போடவில்லை. அதனால் கார்லோஸ் லேடரின் சாட்சியம் தீர்ப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சாட்சியம்தான் எனக்கு என்றும் உறுத்தல். லேடர் கொலம்பியாவின் மெதெயின் போதைப்பொருள் கடத்தல் கும்பலின் தலைகளில் ஒருவர், அமெரிக்காவில் ஆயுள் தண்டனை பெற்றவர். அரசுத் தரப்புக்காகக் கூண்டேறினார். பிறகு தண்டனை குறைந்தது. அப்ரூவர் சொன்னால் மட்டும் போதாது, துணைச் சான்று வேண்டும் என்று எங்கள் நீதிபதிகள் சலிக்காமல் கேட்பார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்ற நோரியேகாவுக்கோ அமெரிக்க உளவுத்துறையும் ராணுவமும் சேர்ந்து சுமார் 3,20,000 டாலர் கொடுத்ததை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது. 1992 ஏப்ரலில் ஜூரி 10 குற்றச்சாட்டுகளில் 8 நிரூபணமானதாகச் சொன்னது. தண்டனை 40 ஆண்டு, பின்னர் 30 ஆனது. அதன்பின் பிரான்ஸ் சிறை, பிறகு பனாமா. அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. கட்டு அழுக்காக இருக்கிறது என்கிறேன்.

இரண்டாவது தொகுதி ஒல்லியானது: ஹோண்டுராஸ் முன்னாள் அதிபர் ஹுவான் ஓர்லாண்டோ எர்னாண்டஸ். பதவி முடிந்த சில வாரங்களில், 2022 பிப்ரவரியில், போதைப்பொருள் வழக்குக்காகச் சொந்த நாட்டுப் போலீஸே கைது செய்தது. சொந்த நாட்டு நீதிமன்றமே அமெரிக்காவிடம் ஒப்படைக்கச் சொன்னது. நியூயார்க்கில் 2024 மார்ச்சில் ஜூரி குற்றவாளி என்றது, ஜூனில் 45 ஆண்டு சிறை. படை இல்லை, குண்டு இல்லை. படிக்கப் படிக்க மனம் நிறைந்த கட்டு. 2025 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பு வழங்கி அவரை வெளியே விட்டார். அந்தத் துண்டை ஒட்டும்போது பசை கொஞ்சம் அதிகமாகிச் சுருக்கம் விழுந்திருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லவில்லை.

பெரிய தொகுதிக்கு 380 ரூபாய், சின்னதற்கு 260. பத்து நாள் என்றார், பதினான்கு ஆனது. கேலிக்கோ துணி முதுகு, நூல் தையல். விரித்து வைத்தால் புத்தகம் மேசையில் படிந்து கிடக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

மூன்றாவதாக ஒரு சிறு கட்டும் கொண்டுபோயிருந்தேன். வெனிசுவேலா அதிபராக இருந்த மதுரோவை, போதைப்பொருள் வழக்குக்காக, அமெரிக்கப் படை பிடித்துச் சென்றது 2026 ஜனவரி 3. நோரியேகா வாடிகன் தூதரகத்திலிருந்து வெளியே வந்து சரணடைந்ததும் 1990-ல் இதே ஜனவரி 3-தான். அதையும் தைத்துவிடச் சொன்னேன். தீர்ப்பு வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துச் சணல் கயிற்றால் கட்டித் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.